பம்பைக் கழற்றும் முன்: லாரியின் டீசல் லைனில் காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. பாரத் ஸ்டேஜ் 3 (புகை வரம்பு விதி) காலத்துப் பத்துச் சக்கர லாரி, இன்லைன் பம்ப் (சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் டீசல் பம்ப்). காலையில் செல்ஃப் நெடுநேரம் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சமதரையில் குறையில்லை. லோடுடன் சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் மேட்டில் ஏறும்போது இழுவை விட்டுவிட்டு வருகிறது. ஒருமுறை பாதி மேட்டில் நின்றேவிட்டது. கையால் பம்ப் அடித்து ஏர் எடுத்துவிட்டால் (லைனில் சேர்ந்த காற்றை வெளியேற்றினால்) மறுபடி ஓடுகிறது. டேங்க் நிறைய டீசல் இருக்கும்போது தொந்தரவே இல்லை; பாதிக்குக் கீழே இறங்கினால்தான் வருகிறது. ஃபில்டர் இரண்டும் மாற்றியாயிற்று, ஃபீட் பம்பும் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருவது) புதிது. இப்போது டீசல் பம்பையே இறக்கிச் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். அனுப்பலாமா?

இப்போதைக்கு அனுப்பாதீர்கள். டேங்க் நிறைய இருந்தால் தொந்தரவு இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்பது டீசல் பம்புக்குத் தெரியாது. உள்ளே பிளஞ்சரோ (டீசலை அழுத்தித் தள்ளும் தண்டு) டெலிவரி வால்வோ தேய்ந்திருந்தால், டேங்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் ஒரே மாதிரிதான் கோளாறு காட்டும். டீசல் மட்டத்தோடு சேர்ந்து வந்து போகும் நோய்க்கு, டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்தான் முதலில் காரணம் தேட வேண்டும். பம்பை இறக்கி, பெஞ்சில் ஏற்றி, காலிபிரேஷன் செய்து, திரும்ப டைமிங் வைத்து மாட்டுவது பெரிய செலவு. அந்தச் செலவைச் செய்த பிறகும் அதே மேட்டில் அதே இடத்தில் வண்டி நிற்பதைப் பார்ப்பது அதைவிடப் பெரிய வேதனை. இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படி ஒரு வண்டியையாவது பார்த்திருப்பார்கள்.

டீசல் ஓடும் பாதையை மனதில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்பின் வாய் வரை உறிஞ்சும் பக்கம். ஃபீட் பம்பிலிருந்து ஃபில்டர்கள் வழியாக டீசல் பம்பின் கேலரி (உள்ளே டீசல் வந்து நிற்கும் அறை) வரை தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் உள்ளே அழுத்தம் அதிகம். ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிந்து, தூசி ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இளநீர்க் குழலில் ஓர் ஊசித்துளை இருந்தால் வாய்க்குக் காற்றுதான் வருமே தவிர, குழலின் வெளிப்புறம் நனைவதில்லை.

காற்றை உள்ளே இழுக்கும் வண்டியில் எல்லோரும் ஈரத்தைத் தேடுவதற்கும், ஈரம் இல்லை என்றதும் 'லைன் நன்றாக இருக்கிறது, பம்ப்தான் போய்விட்டது' என்று முடிவு கட்டுவதற்கும் இதுவே காரணம். இன்னொரு விஷயமும் உண்டு. காற்றின் பாகுத்தன்மை டீசலுடையதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சின் நின்றிருக்கும்போது டீசல் கசிய முடியாத அளவு நுண்ணிய விரிசல்கூட, எஞ்சின் ஓடும்போது காற்றுக்கு நல்ல அகலமான வழி. ஆகவே காய்ந்து சுத்தமாக இருக்கும் ஜாயிண்டைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

காற்று உள்ளே போனால் ஏன் இந்தப் பாடு? உங்கள் வகை எஞ்சினில் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) திறக்கவே சுமார் 200 பார் அழுத்தமும் அதற்கு மேலும் வேண்டும். டீசல் எளிதில் அமுங்காது. பிளஞ்சர் தள்ளியதும் அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால், பிளஞ்சர் தள்ளுவதெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். நாசில் திறக்காது. அந்தச் சிலிண்டர் அந்தச் சுற்றில் வேலை செய்யாது. குமிழிகள் கொஞ்சமாக வந்தால் ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்கும். தொடர்ந்து வந்தால் நின்றுவிடும்.

மேட்டில் மட்டும் ஏன்? லோடுடன் ஏறும்போது எஞ்சின் கேட்கும் டீசல் அதிகம், உறிஞ்சும் வேகமும் அதிகம். ஃபீட் பம்ப் எப்போதும் தேவைக்கு மேல் டீசலைத் தள்ளும். மிச்சம் ஓவர்ஃப்ளோ வால்வு வழியாக டேங்குக்குத் திரும்பும். சமதரையில் அந்த மிச்சத்தோடு சேர்ந்து சிறு குமிழிகள் வெளியேறிவிடும். முழு லோடில் மிச்சம் குறைவு, காற்றோ அதிகம். வண்டியின் மூக்கு மேலே தூக்கியிருப்பதால் டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு டீசல் ஏற வேண்டிய உயரமும் கூடுகிறது. உங்களுக்குத் தொப்பூர் செய்யும் வேலை இதுதான்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. காலையில் செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைச் சைலன்சர் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளையாகப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை; கம்ப்ரஷன், டைமிங், நாசில் பக்கம் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் புகை வராது என்று எதிர்பார்க்கிறேன். செல்ஃபை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். இல்லையென்றால் செல்ஃப் மோட்டாருக்கும் தனியாகச் செலவு வைக்க வேண்டிவரும்.

அடுத்தது, இந்தப் பதிலிலேயே முக்கியமான சோதனை: கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ். ஹார்டுவேர் கடையில் ஒரு முழ நீளம் வாங்கினால் போதும். ஃபீட் பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில், இருக்கும் ஹோஸைக் கழற்றிவிட்டு இதை இடையில் மாட்டுங்கள். இரண்டு முனைக்கும் புதுக் கிளிப் போடுங்கள். சோதனைக்குப் போட்ட ஹோஸே காற்று இழுத்தால் சோதனையில் பொருளில்லை. ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடம் வரும் குமிழிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம், மாட்டும்போது உள்ளே போன காற்று அது. பிறகு ஐடிலில் பாருங்கள், ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். எப்போதாவது ஒரு கடுகளவு குமிழி போனால் பரவாயில்லை. மாலை கோத்தது போல வரிசையாகக் குமிழி ஓடினால், ஓட்டை டேங்குக்கும் இந்த ஹோஸுக்கும் நடுவில் இருக்கிறது. டீசல் பம்புக்கும் இந்தக் கோளாறுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிடும்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் அந்த ஹோஸை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். டீசல் அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல டேங்கை நோக்கி இறங்கினால், மேலே எங்கிருந்தோ காற்று உள்ளே வந்து டீசலுக்கு வழிவிடுகிறது என்று அர்த்தம். காலையில் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்: இரவு முழுவதும் லைன் காலியாகிக்கொண்டே இருந்திருக்கிறது. சோதனை முடிந்ததும் அந்த ஹோஸைக் கழற்றிவிடுங்கள். டீசல் பட்டு நாளடைவில் அது விறைத்து வெடிக்கும். நிரந்தரமாக ஓட்டுவதற்கு அது ஏற்றதல்ல.

குமிழி வருகிறது என்று தெரிந்துவிட்டால், ஹோஸை டேங்கின் பக்கமாக ஒவ்வொரு ஜாயிண்டாக நகர்த்தி மாட்டிப் பாருங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் குமிழி நிற்கிறதோ, ஓட்டை அந்த இடத்துக்கும் அதற்கு முன் பார்த்த இடத்துக்கும் நடுவில். வழியில் வசதி இல்லாதபோது வேறொரு முறை உண்டு. எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். உறிஞ்சும் பக்கத்து ஜாயிண்டுகளில் ஒவ்வொன்றாகக் கிரீஸை நன்றாக அப்பிவாருங்கள். ஒரு ஜாயிண்டில் கிரீஸ் அப்பியதும் குமிழி குறைந்தாலோ, ஏறி இறங்கிய ஐடில் சீரானாலோ ஆள் அகப்பட்டுவிட்டான். வீடு வந்து சேர அந்தக் கிரீஸே போதும். ஆனால் வந்ததும் சரி செய்ய வேண்டும்.

இனி உங்கள் வண்டிக்கு வருகிறேன். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால்தான் தொந்தரவு என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். டேங்க் நிறைந்திருக்கும்போது டீசல் மட்டம் உயரத்தில் இருப்பதால் ஃபீட் பம்ப் அதிகம் இழுக்க வேண்டியதில்லை. மட்டம் குறையக் குறைய உறிஞ்சும் இழுவை கூடும். லைனில் எங்கோ இருக்கும் பலவீனமான ஜாயிண்ட் அப்போது காற்றை உள்ளே விடத் தொடங்கும். இந்த வகையில் கோளாறு படிப்படியாக வளரும். இன்னொரு வகையில் ஒரு குறிப்பிட்ட மட்டம் வரை ஒன்றும் இருக்காது. அதற்குக் கீழே போனதும் திடீரென்று தொடங்கும். அப்படியானால் டேங்குக்குள் இறங்கியிருக்கும் உறிஞ்சு பைப்பிலேயே விரிசல். விரிசல் டீசலுக்குள் மூழ்கியிருக்கும் வரை அது டீசலைத்தான் உறிஞ்சும், யாருக்கும் தெரியாது. மட்டம் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் காற்றை உறிஞ்சும். வெளியிலிருந்து எந்த ஜாயிண்டை இறுக்கினாலும் தீராது, ஏனென்றால் ஓட்டை டேங்குக்குள்ளே இருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு இந்த இரண்டாவதன்மேல்தான் சந்தேகம் அதிகம்.

உறிஞ்சு பைப்பைக் கழற்றி வெளியே எடுங்கள். மேல் தகட்டோடு பற்றவைத்திருக்கும் இடத்தை முதலில் பாருங்கள்; வண்டியின் அதிர்வில் பெரும்பாலும் அங்கேதான் மயிரிழை போல விரியும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கீழ் முனையை ரப்பர் அடைப்பால் அடைத்து, பைப்பை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, மேல் முனையில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று அடியுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. பிரேஸிங் செய்து சரி செய்யலாம். கிடைத்தால் புதிது போடுவது மேல். எதுவானாலும் பைப்பைத் தனியே எடுத்துச் சென்று செய்யுங்கள். டீசல் ஆவி இருக்கும் டேங்கின் மேல் வெல்டிங் வைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள். காலி டேங்க்தானே என்று வைத்து உயிர் போயிருக்கிறது. திரும்பப் போடும்போது பைப் முனையின் வலை அடைத்திருக்கிறதா, மேல் தகட்டின் பேக்கிங் நன்றாக இருக்கிறதா, ரிட்டர்ன் பைப்பும் உறிஞ்சு பைப்பும் இடம் மாறிவிடவில்லையா என்றும் பாருங்கள். டேங்க் வேலை முடிந்து வந்த வண்டிகளில் இந்த இடமாற்றம் நடப்பதுண்டு. ரிட்டர்ன் பைப் குட்டையாக இருந்தால் அரை டேங்கிலேயே காற்று வரும்.

உறிஞ்சு பைப் நன்றாக இருந்தால் மற்ற இடங்கள். பேஞ்சோ போல்ட்டின் (பைப்பை இணைக்கும், நடுவில் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர்: ஒருமுறை நசுங்கிய வாஷர் இறுகிப்போயிருக்கும், மறுபடி மாட்டினால் பிடிக்காது. புதிது போடுங்கள், கிடைக்காத இடத்தில் நன்றாகச் சிவக்கும் வரை சுட்டு ஆறவைத்தால் செம்பு இளகிவிடும், பிறகு தேய்த்துச் சமப்படுத்தி மாட்டலாம். அலுமினிய வாஷரில் இந்த வேலை ஆகாது. ரப்பர் ஹோஸ்: கிளிப்புக்கு அடியில் வெட்டுப்பட்டிருக்கும், அல்லது முனை விறைத்துப்போயிருக்கும், கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் விறைத்த ரப்பர் பிடிக்காது, முனையை ஓர் அங்குலம் வெட்டிவிட்டு மாட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். சேஸில் உரசும் நைலான் பைப்: உரசிய பக்கம் நம் கண்ணுக்கு மறைவான பக்கமாகவே இருக்கும், விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால் அதன் அடித் திருகும் மேல் ரப்பர் வளையமும். இரண்டு டேங்க் வண்டி என்றால், காலி டேங்கின் பக்கம் போகும் குறுக்கு பைப்பும் வால்வும்.

ஃபீட் பம்ப் புதிது என்றீர்கள். அதிலிருக்கும் கைப்பம்பின் குமிழை ஒவ்வொரு முறையும் கடைசி வரை திருகி மூடுகிறீர்களா? ஏர் எடுத்துவிட்டு அவசரத்தில் அரைகுறையாகத் திருகி விட்டால் அந்த வழியாகவே காற்று எடுக்கும். புதுப் பம்பிலும் இது நடக்கும். ஃபில்டர் மாற்றிய பிறகுதான் கோளாறு தொடங்கியது என்றால் பழைய ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதும் போட்டிருக்கிறார்களா என்று கழற்றிப் பாருங்கள். இரண்டு வளையம் ஒருபோதும் ஒழுங்காக உட்காராது.

காற்றை உள்ளே இழுப்பது போலவே காட்டி ஏமாற்றும் ஒரு கோளாறு இருக்கிறது: அடைப்பு. டேங்க் மூடியில் சிறு காற்றுத்துளை உண்டு. டீசல் திருட்டுக்குப் பயந்து பூட்டு மூடி போடும்போது, துளையில்லாத மூடியாகப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள், அல்லது துளை சேறு அப்பி அடைந்துவிடுகிறது. டீசல் போகப் போக டேங்குக்குள் வெற்றிடம் கூடும். நெடுநேரம் நன்றாக ஓடிய வண்டி நிற்கும். சற்று நேரம் கழித்து மறுபடி பிடிக்கும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் வேறெங்கும் தேட வேண்டாம். அடைப்பு இருக்கும் லைனில் உறிஞ்சும் இழுவை கூடுவதால், மற்ற நாளில் நன்றாக இருக்கும் ஜாயிண்டும் காற்றை உள்ளே விடும். டீசலில் கரைந்திருக்கும் காற்றே குமிழியாகப் பிரிந்து வரவும் செய்யும். குமிழி தெரிகிறது, ஆனால் எங்குமே ஓட்டை அகப்படவில்லை என்றால், அடைப்பைத் தேடுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் கேன் சோதனை. சுத்தமான டீசல் நிரப்பிய கேனைத் தரையில் வைத்து, புது ஹோஸ் ஒன்றை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் பைப்பையும் கேனுக்கே திருப்புங்கள், இல்லையென்றால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். கேனைக் கேபின் மேல் தூக்கி வைக்கிறார்கள் சிலர். அப்போது டீசல் தானாக இறங்கி வருவதால் ஃபீட் பம்புக்கு இழுக்கும் வேலையே இல்லை, கோளாறு மறைந்துவிடும். தரையில் வைத்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தும் சீராக ஓடினால் குற்றம் டேங்க் லைனில். அப்போதும் ஹோஸில் குமிழி இல்லாமல், டீசல் பம்பின் ஏர் ஸ்குரூவில் சுத்தமான டீசல் வந்து, எஞ்சின் மட்டும் திணறினால், அன்றைக்கு உங்கள் மெக்கானிக் சொன்னதைக் கேட்டுப் பம்பை இறக்குங்கள். அதற்கு முன் ஓவர்ஃப்ளோ வால்வை ஒருமுறை பாருங்கள். அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கேலரியில் அழுத்தம் நிற்காது, காலை ஸ்டார்ட்டும் கெடும். சிறிய பாகம்தான், பம்பை இறக்காமலே மாற்றலாம்.

லைனைக் காற்றடித்துச் சோதிக்க விரும்பினால், இரு முனையும் கழற்றி, ஒன்றை அடைத்து, மற்றொன்றில் 0.3 பார் அளவுக்குக் காற்று கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பிரேக் டேங்கின் காற்றை நேராகக் கொடுக்காதீர்கள். அது 8 பார் வரை இருக்கும். டீசல் டேங்க் அதற்குச் செய்யப்பட்டதல்ல, உப்பி வெடித்துவிடும்.

சில பழக்கங்களை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜாயிண்டில் வெள்ளை டேப் சுற்றுவது: அதன் நார் பிய்ந்து உள்ளே போய் வால்விலும் நாசிலிலும் மாட்டும். உறிஞ்சும் லைனில் ஒருவழி வால்வு சேர்ப்பது: காலை ஸ்டார்ட் சரியாகிவிடும், ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும், வால்வு தடையாக நின்று மேட்டில் இழுவையை இன்னும் கெடுக்கும். எபாக்ஸி பசை பூசி மூடுவதும் அப்படித்தான். அடுத்தவர் கழற்றும்போது அவருக்குப் பெரும் தொல்லை.

இதே கேள்வியோடு புது வண்டிக்காரர்களும் வருவார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதலும், 6 ஆம் ஸ்டேஜ் 2020 ஏப்ரல் 1 முதலும் வந்தன. இந்த வண்டிகளில் பெரும்பாலும் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாய்). உறிஞ்சும் பக்கத்துச் சோதனைகள் அதிலும் செல்லும். ஆனால் பழைய வண்டியில் செய்வது போல நாசில் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கவே கூடாது. ரெயிலுக்குள் 1,600 பாரும் அதற்கு மேலும் அழுத்தம் இருக்கும். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், வலிகூட முதலில் அதிகமிருக்காது. அப்படிப் பட்டால் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். விரலை, கையை இழந்தவர்கள் உண்டு. யூனிட் இன்ஜெக்டர் (பம்பும் நாசிலும் ஒன்றாக இருப்பது) வைத்த பெரிய டிப்பர்களில் இன்னொரு வழியும் உண்டு: இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள செம்பு ஸ்லீவ் போனால் சிலிண்டரின் வாயுவே டீசல் பாதைக்குள் புகும். லைன் முழுவதும் சுத்தமாக இருந்தும் ரிட்டர்னில் குமிழி கொப்பளித்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி செய்த பிறகு ஏர் எடுக்கும் வரிசை: முதலில் ஃபில்டர் தலையின் ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்ப் அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் பம்ப் அடித்துக்கொண்டே இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்பின் ஸ்குரூ. பிறகு நாசில் பைப் நட்டு இரண்டை மட்டும் அரைச் சுற்றுத் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடித்தால் போதும். மற்றவை தாமாகவே காற்றை வெளியே தள்ளிவிடும். சூடான சைலன்சர் மேல் டீசல் சிந்தாமல் துணி போடுங்கள். மறுநாள் காலை முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆக வேண்டும். அதன்பின் கால் டேங்க் டீசலோடு, லோடு ஏற்றிய வண்டியை அதே மேட்டில் ஏற்றிப் பாருங்கள். டேங்கை நிரப்பிக்கொண்டு போனால் சோதித்ததாகாது.

ஒன்று விட்டுப்போயிற்று. பழைய ஃபீட் பம்பின் தண்டு தேய்ந்திருந்தால் அது ஓடிய நாளெல்லாம் டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கக்கூடும். டிப்ஸ்டிக்கை எடுத்து மட்டம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். டீசல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிட்டே அடுத்த லோடு ஏற்றுங்கள்.